முதலில் எந்தக் கல்கி? பிள்ளைகளுக்கு மூன்று சரித்திர நாவல்கள்

2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகப் படமாக வந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து பாகத் தொகுப்பைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் முதல் பாகத்தின் நடுவில் ஒரு சீட்டு செருகியபடி அந்தத் தொகுப்பு அப்படியே அலமாரியில் நிற்பதையும் பார்க்கிறேன். பிள்ளைக்கு வாசிப்பில் நாட்டம் இல்லை என்று பெற்றவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுத்த வரிசைதான் சரியில்லை.

கல்கி எழுதிய பெரிய சரித்திர நாவல்கள் மூன்று. அவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் நானும் 'பொன்னியின் செல்வன்' என்றுதான் சொல்வேன். பதினோரு வயதில் எதை முதலில் கொடுப்பது என்று கேட்டால், தயங்காமல் 'பார்த்திபன் கனவு'. 'சிவகாமியின் சபதம்' கடைசி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். கதை முடிச்சுகளை முடிந்தவரை அவிழ்க்காமல் சொல்கிறேன்.

முதலில் அளவு. 'கல்கி' பத்திரிகை தொடங்கிய 1941-ஆம் ஆண்டிலேயே 'பார்த்திபன் கனவு' தொடராக ஆரம்பித்து 1943 வரை வந்தது. மூன்றே பாகங்கள், அதில் முதல் பாகம் வெறும் 10 அத்தியாயம். நான்கு பாகங்கள் கொண்ட 'சிவகாமியின் சபதம்' 1944-லிருந்து 1946 வரை வந்தது. 1950-ல் தொடங்கி 1954-ல் முடிந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், 293 அத்தியாயம். கடைசிப் பாகம் மட்டும் 91 அத்தியாயம். பெரியவர்கள் இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வோம். ஒரு பிள்ளைக்கு அது மலைப்பு. முதன்முதலாக ஒரு பெரிய நாவலை எடுக்கிற வயதில், 'ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டேன்' என்ற சந்தோஷம் ரொம்ப முக்கியம். அதைப் 'பார்த்திபன் கனவு' ஒரு கோடை விடுமுறைக்குள் கொடுத்துவிடும்.

அளவை விடப் பெரிய விஷயம், கதைக்குள் நுழையும் வாசல். 'பார்த்திபன் கனவு' உறையூர்ப் பக்கம் காவேரிக் கரையில், ஒரு தோணித்துறையில் தொடங்குகிறது. படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி. இவர்களுடைய பேச்சின் வழியாகவே நிலைமை புரிந்துவிடுகிறது. சோழ நாடு பல்லவருக்குக் கப்பம் கட்டும் சின்ன அரசு, பார்த்திப மகாராஜா இனிமேல் கட்ட மாட்டேன் என்கிறார், போர் வரப்போகிறது. அவ்வளவுதான் பின்னணி. யார் பக்கம் நிற்க வேண்டும் என்று பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். அப்புறம் அந்தச் சித்திர மண்டபம் வருகிறது. பார்த்திபன் யாருக்கும் காட்டாமல் வரைந்து வைத்திருக்கும் ஓவியங்களைச் சிறுவன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். புலிக்கொடி பறக்கும் கப்பல்கள் கடல் கடந்து போகின்றன. அவை எல்லாம் நடந்தவை அல்ல, நடக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுபவை. சோழர் குலத்து வாளும் திருக்குறள் சுவடியும் வைத்த பெட்டி ஒன்று கதை முழுவதும் கூடவே வருகிறது. விக்கிரமன் வளர்கிறான், தோற்கிறான், நாடு கடத்தப்படுகிறான், மாறுவேடத்தில் திரும்புகிறான். அவனோடு சேர்ந்து வளரும் உணர்வு வாசிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. மற்ற இரண்டு நாவல்களிலும் இந்த வசதி இல்லை.

'பொன்னியின் செல்வன்' தொடங்கும் இடம் அழகில் குறைந்ததல்ல. ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். 74 மதகுகளிலும் புதுவெள்ளம் பாய்கிறது. அந்த அத்தியாயத்தை எந்தப் பிள்ளையும் ரசிக்கும். சிக்கல் அடுத்துத்தான். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடும் சிற்றரசர்கள், அடுத்த பட்டம் யாருக்கு என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சு புரிய வேண்டுமானால் கண்டராதித்தர், அவர் தம்பி அரிஞ்சயர், அரிஞ்சயர் மகன் சுந்தர சோழர், சுந்தர சோழரின் மூன்று மக்கள், கண்டராதித்தர் மகன் மதுராந்தகர், பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர் என்று ஒரு பட்டாளமே மனதில் நிற்க வேண்டும். படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு முகங்கள் தெரியும், உறவு தெரியாது. சீட்டு செருகி மூடி வைப்பது பெரும்பாலும் இந்தப் பக்கங்களில்தான் என்பது என் ஊகம். பெரியவர்களுக்கு அந்த அரசியல்தான் நாவலின் ருசியே. யாரும் முழுக்க நல்லவரும் இல்லை, முழுக்கக் கெட்டவரும் இல்லை. பழுவேட்டரையர்மீது வரும் கோபம் கடைசியில் வேறொன்றாக மாறுகிறது. அதை உணரக் கொஞ்சம் வயது வேண்டும். பதின்மூன்று போதும்.

'சிவகாமியின் சபதம்' இன்னொரு வகை. பரஞ்சோதி என்ற நாட்டுப்புறத்து இளைஞன் காஞ்சிக்கு வருகிறான், மதம் பிடித்த யானைமேல் வேலை எறிகிறான், வழியில் வஜ்ரபாகு என்ற வீரனைச் சந்திக்கிறான். அஜந்தா ஓவியங்களின் அழியாத வண்ணத்தின் ரகசியத்தைத் தேடி ஒரு பயணம். முதல் பாகத்தை மட்டும் எடுத்தால் பிள்ளைகளுக்கு இதைவிட விறுவிறுப்பான கதை கிடையாது. ஆனால் பரஞ்சோதியை நம்பி உள்ளே போகும் பிள்ளையை நாவல் வேறு பக்கம் அழைத்துப்போகிறது. அது சிவகாமியின் கதை. கலைக்கும் காதலுக்கும் நடுவில், அரச குலத்துக்கும் சிற்பியின் குலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் துயரம். வாதாபியில் சிறைப்பட்டவள் தன்னை மீட்க வந்தவனோடு போக மறுத்துச் சபதம் செய்கிறாள். அந்தச் சபதத்துக்காக ஒரு நகரமே எரிகிறது. நான்காம் பாகத்தின் தலைப்பே 'சிதைந்த கனவு'. கல்கி எழுதியதிலேயே மனதை ஆழமாகத் தொடும் முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். அது ஏன் அப்படித்தான் முடிய வேண்டும் என்பது பதினொரு வயதில் புரியாது. 'ரெண்டு பேரும் சேர்ந்திருக்கலாமே' என்ற ஏமாற்றம் மட்டும் மிஞ்சும். அதற்காக இந்த நாவலை வீணாக்க வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதுக்கு வைத்திருங்கள்.

கதை நடக்கும் கால வரிசைப்படி 'சிவகாமியின் சபதம்' முன்னால், 'பார்த்திபன் கனவு' பின்னால் அல்லவா, அதை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக மாற்றலாம். கல்கி முதலில் எழுதியதே 'பார்த்திபன் கனவு'தான். இன்னொன்று, 'பார்த்திபன் கனவில்' ஒரு சிவனடியார் வருகிறார். அவர் யார் என்ற மர்மம் பிள்ளைகளுக்கு என்றே செய்த மாதிரி இருக்கும். விக்கிரமன் கண்டுபிடிப்பதற்குள் வாசிக்கும் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அந்தக் குதூகலம் பார்க்கவே நன்றாக இருக்கும். முதலில் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு அந்த மர்மம் சீக்கிரமே நீர்த்துப்போகிறது.

இனி வரலாறு. சரித்திர நாவலைப் பிள்ளையிடம் கொடுக்கும்போது எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதி இதுதான். எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்துச் சொல்லாமல் கொடுத்தால் 'பொன்னியின் செல்வனில்' வரும் நந்தினியை ராஜராஜன் காலத்துப் பெண்ணாகவே பிள்ளை நம்பிவிடும். பெரியவர்களே நம்புகிறார்கள்.

இந்தக் கணக்கில் 'பொன்னியின் செல்வன்' மற்ற இரண்டையும் தாண்டி நிற்கிறது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினரின் நிலங்கள் பற்றிப் பேசுகிறது. நாவலில் வரும் ரவிதாசன் இந்தக் கல்லிலிருந்து வந்தவன். நாவல் தொடங்கும் வீரநாராயண ஏரி, அதாவது இன்றைய வீராணம், இந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வந்தியத்தேவனும் கற்பனை அல்ல. ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதே கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்ததையும் தன் அக்கன் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்கிறான். தம்பிக்கு அக்காமேல் அவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை நாவல் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை, சுவரிலேயே இருக்கிறது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் படைப்பு. நாவலில் வரும் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. செப்பேட்டுச் சான்று உள்ள நாகப்பட்டினத்து விகாரம் ராஜராஜன் ஆட்சியில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்தது. கதை நடப்பதோ அதற்கு முப்பது ஆண்டுக்கும் முன்னால்.

'சிவகாமியின் சபதம்' பாதிப் பாதி. சிவகாமி, ஆயனர், நாகநந்தி கற்பனை. மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி, காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஆகியோர் வரலாறு. பல்லவர் படை 642-ல் வாதாபியைப் பிடித்தது. நரசிம்மனின் கல்வெட்டு அந்த ஊரின் பாறையிலேயே இருக்கிறது. பரஞ்சோதி பிற்காலத்தில் சிறுத்தொண்டர் ஆனார். அவர் வாதாபியை அழித்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார்.

சான்று மிகக் குறைவு 'பார்த்திபன் கனவுக்கு'. பார்த்திபன், விக்கிரமன் என்ற சோழர்களுக்குக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. ஏழாம் நூற்றாண்டில் சோழர்கள் ஒடுங்கிக் கிடந்தார்கள், விஜயாலயன் தஞ்சையைப் பிடித்துத் தலையெடுத்தது சுமார் 850-ல். நடுவில் உள்ள வெற்றிடத்தில்தான் கல்கி இந்தக் கதையை எழுதினார். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு முதல் புத்தகம் என்ற அளவில் எனக்கு இது வசதியாகவே படுகிறது. 'இந்த ராஜா நிஜமா?' என்று பிள்ளை கேட்டால் 'இல்லை, ஆனால் அவன் ஆசைப்பட்டது நிஜமாக நடந்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்தக் கப்பல்கள் ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் உண்மையிலேயே கடல் கடந்தன. நாவலின் முடிவிலேயே கல்கி அந்தக் காலத்தைத் தொட்டுக்காட்டிவிடுகிறார். அங்கிருந்து 'பொன்னியின் செல்வனுக்கு' ஒரு நேர்வழி தானாகவே திறக்கிறது. பார்த்திபனின் ஆசை பலிக்கப்போகும் குலத்துக்குள் நுழைகிறோம் என்று தெரிந்த பிள்ளைக்கு, கடம்பூர் மாளிகைப் பேச்சைக் கவனிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

எழுதிய காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற ஒருவர், நாடு அடிமையாக இருந்த 1941-ல் கப்பம் கட்ட மறுக்கும் அரசனைப் பற்றி எழுதுகிறார். அதே மனிதர், நாடு குடியரசான 1950-ல், ஆளும் உரிமை யாருக்கு, அதை யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எழுதத் தொடங்குகிறார். முதல் கேள்வி எந்தப் பிள்ளைக்கும் புரியும். இரண்டாவது, வளர வளரப் புரியும்.

மொழி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 'பிரயாணம்', 'வியாகூலம்', 'சம்பாஷணை' என்று வடசொற்கள் வரும். ஆனால் வாக்கியங்கள் சின்னவை, வேகமானவை. நாலு அத்தியாயத்தில் பழகிவிடும். 'பார்த்திபன் கனவில்' காபாலிகர்களும் நரபலியும் வரும் பகுதி சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் பயமுறுத்தலாம். அந்த இடங்களைப் பகலில் சேர்ந்து படியுங்கள்.

சுருக்கப் பதிப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். 'பொன்னியின் செல்வனை' இருநூறு பக்கத்துக்குள் அடக்கிய பதிப்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆழ்வார்க்கடியானின் வம்புச் சண்டையும் வந்தியத்தேவனின் அசட்டுத் துணிச்சலும் போய்விட்டால் மிஞ்சுவது பெயர்ப்பட்டியல். சித்திரக்கதை வடிவம் பரவாயில்லை, அது முகங்களைக் கொடுத்து ஆசையைத் தூண்டும். படம் பார்த்த பிள்ளையிடம், சோழ அரியணை யாருக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்பது நாவலில் வேறு மாதிரி என்று மட்டும் சொல்லிப்பாருங்கள், அதுவே ஒரு தூண்டில். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ வளர்ந்து, தமிழ் பேசினால் புரியும், படிக்க மட்டும் தடுமாறும் பிள்ளைகளுக்கு, யாராவது வாசித்துக் காட்டுவதுதான் சிறந்த வழி. தொடர்கதையாக எழுதியவை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் ஆவலில் முடியும். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் கச்சிதமாக இருக்கும்.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. அதனால் மலிவு விலையில் பல பதிப்புகள் கிடைக்கின்றன, மின்நூலாக மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாகவே இருக்கின்றன. அச்சில் வாங்குவதானால் எழுத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள். பொடி எழுத்தில் ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகத் தைத்த புத்தகத்தைப் பிள்ளையால் கையில் பிடிக்கவே முடியாது. தனித்தனிப் பாகங்களாக, மணியம் வரைந்த ஓவியங்களோடு 'பொன்னியின் செல்வன்' கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே எடுங்கள். முதல் பாகத்தின் உள்அட்டையில், விஜயாலயனில் ஆரம்பித்து ராஜேந்திரன் வரை சோழர் வம்சாவளியை நீங்களே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு, அப்புறம் பிள்ளையிடம் கொடுங்கள்.