தோள் பயிற்சிக்கு விஆர் ஹெட்செட்: நீண்ட நாள் பாவனைக்குப் பிறகு

கண்ணை மூடி மாட்டினால் கணினிக் காட்சிக்குள் நிற்பதுபோலக் காட்டும் விஆர் ஹெட்செட்டின் விலை இறங்கியதும் உப்புவெளிக் கூட்டாளி ஒருவன் கேட்டான்: "மச்சான், அப்பாவின் கைப்பயிற்சிக்கு நானும் ஒன்று எடுக்கட்டா?" திரை, பற்றரி பற்றியெல்லாம் அவனுக்குத் தெரியும். கை விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அதைப் போடுவது அம்மா. தோள்மூட்டு இறுகியதால் கையை நீட்டி எட்டிப் பழகச் சொல்லியிருந்தார்கள். ஹெட்செட்டுக்குள் தெரியும் பந்தைத் தொட்டால் அது வெடிக்கும், அப்படி ஒரு பயிற்சிச் செயலி. 'இலகு' மட்டத்தில் பந்து பெரியது, கிட்டத்தில் நிற்கும். அம்மாவின் கை ஒரே வீச்சில் போய்த் தொடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலை வெக்கைக்கு லென்ஸ் வியர்வையில் நனைந்தாலும் துடைத்துவிட்டுத் தொடர்வார். அந்த ஆசையை எந்தப் பயிற்சித் தாளும் அவருக்குத் தரவில்லை.

கோபம் வருவது 'நடுத்தரம்' பொத்தானில். அமுக்கியதும் பந்து சிறுக்கிறது, தூரம் போகிறது, சீக்கிரம் மறைகிறது, மூன்றும் ஒன்றாக. 1954இல் போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் உலோகத் தகடுகளை மாறி மாறித் தட்டவைத்துக் காட்டிய விஷயம்தான்: இலக்கின் அகலம் பாதியானாலும், தூரம் இரட்டித்தாலும் கடினம் ஒரு படி கூடும். இரண்டும் சேர்ந்தால் இரண்டு படி. அதற்கு மேல் நேரத்தையும் குறைத்தால் கை என்ன செய்யும்? அம்மாவின் கை பாதி வழி வேகமாகப் போய், பந்துக்குக் கிட்ட வந்ததும் தளர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித் தேடுகிறது. தோள் காதுவரை ஏறுகிறது. எட்டாத மிச்சத்துக்கு உடம்பையே முன்னால் சாய்க்கிறார். அப்புறம் தோளுக்கு என்ன பயிற்சி?

இடம் வலமாக வரும் பந்து பரவாயில்லை. நேரே முன்னால், ஆழத்தில் நிற்பதுதான் பாடு. "தொட்டுட்டன், ஏன் வெடிக்கேல்ல?" என்பார். அம்மா காண்பதை அப்படியே காட்டும் போன் திரையில் பார்த்தால் கை பந்துக்கு இந்தப் பக்கமே நிற்கும். கண்கள் இரண்டும் பந்து நிற்பதாகத் தோன்றும் தூரத்தை நோக்கித் திரும்புகின்றன. தெளிவுக்கான குவியமோ லென்ஸ் வைத்த ஒரே தூரத்தில் நிற்கிறது. தூரக் கணிப்பு பிசக இதுவும் ஒரு காரணம். கையைத் தடுக்கவும் அங்கே பொருள் இல்லை, கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரின் அதிர்வு மட்டும்தான். சரி, இது எல்லா ஹெட்செட்டுக்கும் பொது. ஆனால் அளவு, தூரம், வேகம் மூன்றையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க வழி வைக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் கண்ட வழி: முதுகைக் கதிரையில் ஒட்டவைத்து, 'இலகு'விலேயே கதிரையை ஒரு சாண் பின்னால் இழுப்பது. பந்து அறையில் அதே இடத்தில், அதே அளவில் நிற்கும். தூரம் மட்டும் கூடும். தோள் ஏறாமல் முழங்கை நேராக நீள்வதை முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கதிரையை நகர்த்தவும் தோளைப் பார்க்கவும் நாள்தோறும் ஆள் இருந்தால் யோசி. இல்லையென்றால் விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் எடுக்காதே.