பிரிந்த பிறகு: பாகிஸ்தானும் வங்கதேசமும்

1971-இல் பிரிந்தபோது வங்கதேசம் போரிலும் அதற்கு முந்தைய ஆண்டின் புயலிலும் சிதைந்து கிடந்தது. தொழிலில் பாகிஸ்தானின் கைதான் ஓங்கியிருந்தது. இன்று தனிநபர் வருமானத்தில் வங்கதேசம் முன்னால் நிற்கிறது.

திருப்புமுனை தையல் மெஷின்தான். 1979-இல் வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற ஆடை நிறுவனம் சுமார் 130 பேரைத் தென்கொரியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்களில் பலர் அப்புறம் சொந்தமாக ஆலை தொடங்கினார்கள். இப்போது ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடைதான். லட்சக்கணக்கான பெண்கள் கைக்குச் சம்பளம் வந்ததே பெரிய மாற்றம் என்பேன். ஆனால் 2013-இல் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது.

பருத்தி விளைவதோ பாகிஸ்தானில். ஆனாலும் டாலர் தட்டுப்பாட்டால் அந்நாடு கடனுக்காக 20 முறைக்கு மேல் பன்னாட்டு நிதியத்தை நாடியிருக்கிறது. 2023-இல் வங்கதேசமும் அங்கே கடன் வாங்க நேர்ந்தது.