நிறுத்துவதா, மாற்றுவதா? லூபஸும் முடக்குவாதமும் பிள்ளைப்பேறும்

என் தங்கைக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். குழந்தை வேண்டும் என்று பேச்சு எடுத்ததுமே அவள் மாமியார் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து, "மலேரியா மாத்திரை உனக்கெதுக்கும்மா? எல்லாத்தையும் நிறுத்திடு" என்றார். பாதி நியாயம்தான். அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட் இரண்டும் கருவைக் கெடுக்கும். முன்னதைக் கருத்தரிக்க 1 முதல் 3 மாதம் முன்பும், பின்னதைக் குறைந்தது 6 வாரம் முன்பும் விட்டாக வேண்டும்.

ஆனால் அந்த வேகத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் தூக்கிப் போடுவதுதான் வினை. மலேரியா மாத்திரை என்று அவர் சொன்னது அதைத்தான். கர்ப்பத்தில் தொடரச் சொல்லும் மருந்து அது. விட்டால் லூபஸ் மறுபடி தலைதூக்கும். சிறுநீரகத்தில் தலைதூக்கினால் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போய், 37 வாரம் முடியும் முன்பே டாக்டரே குழந்தையை எடுக்க வேண்டியதாகிவிடும். குறைப்பிரசவத்துக்கு மாத்திரையைக் குற்றம் சொல்கிறோம், பல சமயம் அடங்காத நோய்தான் காரணம்.

மாற்றுகிற வழி மெதுவானது, பொறுமையைச் சோதிக்கும். மைக்கோஃபினோலேட்டுக்குப் பதில் கர்ப்பத்திலும் தொடரக்கூடிய அசதயோப்ரின், அப்புறம் நோய் 6 மாதமாவது அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, கரு நின்றதும் 16 வாரத்துக்கு முன்பே சின்ன டோஸ் ஆஸ்பிரின். வயது முப்பத்தைந்தைத் தாண்டியவளிடம் "இன்னும் ஆறு மாதம்" என்று சொல்வது லேசான விஷயமில்லை, இருந்தாலும் லூபஸில் என் ஓட்டு இதற்குத்தான். சிலர் குறுக்கு வழியாக ஸ்டீராய்டை மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள். டோஸ் கூடினால் சர்க்கரை ஏறும், பனிக்குடம் சீக்கிரம் உடையும் வாய்ப்பும் கூடும்.

முடக்குவாதத்தில் கணக்கு கொஞ்சம் வேறு. கர்ப்பத்தில் மூட்டுவலி குறைகிறது என்று 1938லேயே அமெரிக்க டாக்டர் பிலிப் ஹென்ச் எழுதிவிட்டார், அதனால் நிறுத்திப் பார்க்கலாமே என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படிக் குறைவதில்லை. வலி தாங்காமல் மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டால், 20 வாரத்துக்குப் பிறகு அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். அதைவிட முடக்குவாத மருந்தான சல்ஃபாசலசைனை ஃபோலிக் அமிலத்தோடு தொடர்வது எவ்வளவோ மேல். பிரசவமான சில மாதங்களில் வலி திரும்ப வருவது சகஜம், அதனால் குழந்தையின் தடுப்பூசித் தேதிகளை எழுதி வைக்கும்போதே மூட்டு டாக்டரிடமும் ஒரு தேதி வாங்கி வைத்துவிடுங்கள்.