கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: தாவரவியல் வகுப்புக்கு வாங்கலாமா?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கை நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரே குறைதான். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை வில்மாட் குமிழி என்ற கண்ணாடிக் கருவியில் வைத்துக் குமிழ்களை எண்ணச் சொல்வோம். ஆக்சிஜன் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். கார்பன் டை ஆக்சைடு இலைக்குள் போவதைக் காட்டத்தான் வழியில்லை. அதற்காகவே கையடக்க மீட்டர் ஒன்று வாங்கினேன். ஏழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது.

கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே கருவியைப் பல பெயர்கள் ஒட்டி விற்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் சென்சார் என்.டி.ஐ.ஆர் வகையா, அதாவது அகச்சிவப்புக் கதிரால் அளப்பதா என்பதைத்தான். விலை மிகக் குறைவான மீட்டர்கள் பலவற்றில் இந்த வாயுவை அளக்கும் சென்சாரே கிடையாது. வேறு வாயுக்களைப் பார்த்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். சானிடைசர் நனைத்த பஞ்சைப் பக்கத்தில் கொண்டு போங்கள். எண் சட்டென்று எகிறினால் வாங்காதீர்கள்.

உண்மையான சென்சாருக்குள் ஒரு சின்ன அறை. ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறுமுனையில் உணரி. கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய கதிரை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு கதிர் குறைகிறதோ, அதை வைத்து எண் வருகிறது. பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுத்து வைப்பதும் அகச்சிவப்பை உறிஞ்சும் இதே குணம்தான். இயற்பியலாளர் ஜான் டிண்டல் 1859இல் லண்டன் ஆய்வகத்தில் இதை அளந்து காட்டினார். விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியதும் அகச்சிவப்புக் கருவியால்தான். அப்போது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு. 2024இல் அங்கே ஆண்டு சராசரி 424ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் 280 அளவில் இருந்தது. காலநிலைப் பாடத்தை இந்தச் சின்ன அறையிலிருந்தே தொடங்கலாம் என்பேன்.

சரி, வகுப்பில் எப்படி வேலை செய்தது? மூடி இறுக்கமாக உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் மீட்டரையும் ஒரு கொத்துப் புதினாவையும் வைத்தோம். தொட்டியோடு வைக்கக் கூடாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் மூச்சு விடும். தண்டை வெட்டித் தண்ணீர்க் குப்பியில் நிறுத்தினால் போதும். ஒரு பெண் டப்பாவுக்குள் மெதுவாக ஊதினாள், எண் ஆயிரத்தைத் தாண்டியது. மூடி வெளிச்சத்தில் வைத்ததும் இறங்கத் தொடங்கியது. பின்வரிசைப் பையன்கள்கூட எழுந்து வந்து எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். கறுப்புத் துணி போட்டு மூடினோம், மெல்ல ஏறியது. ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் ஒரே பீரியடில் முடிந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. புதினாவையும் தண்டுக்கீரையையும் தனித்தனியே வெளிச்சத்தில் விட்டு, எண் எதுவரை இறங்கும் என்று பார்த்தோம். புதினா நூறை ஒட்டி நின்றுவிட்டது. அந்த அளவில் அது எடுப்பதும், சுவாசத்திலும் வெளிச்சத்தில் நடக்கும் ஒளிச்சுவாசத்திலும் விடுவதும் சமமாகிவிடும். தண்டுக்கீரை அதையும் தாண்டி, மீட்டரின் பிழை எல்லைக்குள்ளேயே, அதாவது பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குப் போய்விட்டது. இந்தக் கீரையும் சோளம், கரும்பு போல சி4 வகை, அதாவது கார்பன் டை ஆக்சைடை இலைக்குள் செறிவாக்கி ஒளிச்சுவாசத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும் செடி. வெறும் படமாகவே நடத்திவந்த பாடம் அது. இதற்காகவே சொல்கிறேன், 400க்குக் கீழே காட்டாத மாடலை வாங்க வேண்டாம். சந்தையில் அப்படியும் நிறைய உண்டு.

"மிஸ், ராத்திரி புளிய மரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டுமாமே?" என்று ஒருவன் கேட்டான். இருட்டிய பிறகு மரத்தடியிலும் வெட்டவெளியிலும் வைத்துப் பார்த்தோம். சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. கதவைச் சாத்தி ஏ.சி. போட்டு நாங்கள் தூங்கும் அறையில் விடியற்காலை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இனிக் குறைகள். இந்த மீட்டர் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஒரு வாரத்தில் பதிவான மிகக் குறைந்த அளவை "வெளிக்காற்று, 400" என்று எடுத்துக்கொள்ளும். செடி உறிஞ்சி 100க்கு இறக்கிய காற்றையும் வெளிக்காற்று என்று நம்பிவிடும், பிறகு எல்லா எண்ணும் தப்பாக வரும். அந்த வசதியை அணைத்து வைக்க முடிகிற மாடலாகப் பாருங்கள். அந்த 400ஏ பழைய கணக்கு என்பது என்னை உறுத்துகிறது. மௌனா லோவாவின் ஆண்டு சராசரி 2015இலேயே அதைக் கடந்துவிட்டது. சுத்தமான காற்றுக்கு இவர்கள் வைத்த அடையாளத்தைவிட இன்று மொட்டை மாடிக் காற்றிலேயே அதிகம் இருக்கிறது.

இன்னொன்று, மீட்டர் காட்டும் எண் உண்மை அளவிலிருந்து 50 பங்கு வரை மேலேயோ கீழேயோ போகலாம். உலகக் காற்றில் இப்போது ஆண்டுக்கு இரண்டரைப் பங்கு அளவில் கூடுகிறது. ஆகவே காலநிலை மாற்றத்தை இந்த மீட்டரை வைத்து நிரூபிக்க நினைக்காதீர்கள், அதற்கு மௌனா லோவாவின் வரைபடத்தைத்தான் காட்ட வேண்டும். அதில் மே மாதம் உச்சம், செப்டம்பர் வாக்கில் பள்ளம். வடகோளத்தின் காடுகளும் வயல்களும் கோடையில் இழுத்துக்கொள்வதால் வரும் பள்ளம் அது. டப்பாவில் எண் இறங்கியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளத்தை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "அப்புறம் ஏன் மொத்தத்தில் ஏறுகிறது?" என்றுதான் கேட்டார்கள். எரிபொருளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் கோடி டன் கார்பன் வெளியேறுகிறது, நிலமும் கடலும் ஏறத்தாழ பாதியைத்தான் வாங்கிக்கொள்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

நேர் வெயிலில் டப்பாவை வைக்காதீர்கள். உள்ளே வியர்த்துச் சென்சார் நனைந்துவிடும். காலை வெயில் படும் வராந்தா போதும். பேட்டரி அரை நாள்கூடத் தாங்குவதில்லை. கூட வந்த சார்ஜர் கேபிள் சீக்கிரமே போய்விட்டது, விற்றவர் மாற்றித் தரவில்லை. ஆனாலும் பள்ளி ஆய்வகத்துக்கு இதை வாங்கச் சொல்வேன். பணம் இடித்தால் பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.