மாங்கனீசு எஃகைச் சூடாக்கிக் கடைவது: மூன்று வருட அனுபவம்

கிரஷர் பவுல் லைனரின் (கல் உடைக்கும் இயந்திரத்தின் உள்ளே தேய்மானம் தாங்கும் வளையம்) வெளிப்புறச் சாய்வைக் கடையும் வேலை எங்கள் லேத் பட்டறைக்கு அடிக்கடி வரும். எல்லாம் மாங்கனீசு எஃகு. 1882இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய வகை. மாங்கனீசு மட்டும் சுமார் 12 சதவீதம். வெட்டும் டூல் பட்டவுடன் மேல்தோல் இறுகிவிடும். அடுத்த பாஸ் (டூலின் ஒரு முறை ஓட்டம்) அந்த இறுகிய தோலில்தான் ஓட வேண்டும். டூல் கொஞ்ச நேரம் வெட்டாமல் தேய்த்தால் போதும், முனை போய்விடும்.

அதனால் டூலைச் சுமந்து நகரும் லேத் கேரியேஜிலேயே கேஸ் டார்ச்சின் ஹீட்டிங் நாசில் ஒன்றைப் பொருத்தினேன். டூல் வந்து சேருவதற்குச் சற்று முன் அந்த இடம் சூடாகிவிடும். சூட்டில் இந்த எஃகு அவ்வளவு வேகமாக இறுகுவதில்லை. ரஃபிங்கில் (முதலில் முரட்டுத்தனமாக வெட்டும்போது) ஒரு பாஸுக்கே மழுங்கிய கார்பைடு டூல் முனை இப்போது மூன்று பாஸ் தாங்குகிறது.

முதல் வருடம் ஒரு தப்பு செய்தேன். சூடு கூடக்கூட நல்லது என்று நினைத்து, மங்கலாகச் சிவக்கும் வரை காய்ச்சினேன். வெண்ணெய் மாதிரி வெட்டியது. சில வாரத்தில் அந்த லைனர் சாய்வின் ஓரத்தில் விரிசலோடு திரும்பி வந்தது. மாங்கனீசு எஃகு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் ரொம்ப நேரம் இருந்தால் உள்ளே உலோக மணிகளின் (படிகத் துகள்களின்) எல்லையில் கார்பன் சேர்மமான கார்பைடு படியும், எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வேறு லைனர் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து 250ஐத் தாண்டுவதில்லை. தொடாமல் சூட்டை அளக்கும் ஐஆர் கன்னை மட்டும் நம்பாதீர்கள். கடைந்து பளபளக்கும் முகத்தில் அது குறைத்துக் காட்டும். குறிப்பிட்ட சூட்டில் உருகும் கிரேயானால் கோடு போட்டுத்தான் பார்க்கிறேன்.

கடைசி அளவுக்குக் கொண்டுவரும் ஃபினிஷிங்குக்கு நெருப்பே கிடையாது. 600 மி.மீ. விட்டமுள்ள ஜாப் 100 டிகிரி சூடேறினால் ஒரு மி.மீ. அளவுக்கு விரியும், சூட்டோடு அளந்தால் அளவு தப்பும். ராத்திரி ஆறவிட்டு, காலையில் புது முனை போட்டு, இறுகிய தோலுக்கு அடியில் போகும் ஆழத்தில் ஒரே பாஸாக எடுப்பேன்.

சூடான முனையில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) பட்டால் கார்பைடு முனை விரிசல் விடும், கூலன்ட் குழாயை மூடிவிடுங்கள். அப்புறம் லேத்தின் அடியிலுள்ள சிப் ட்ரேயில் எண்ணெயும் துணியும் கிடக்கக் கூடாது. டார்ச்சில் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (தீ குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

டைட்டானியத்துக்கு இதைச் செய்யச் சொல்லி ஒருவர் வந்தார், மறுத்துவிட்டேன். அதன் சிப் (வெட்டி விழும் சீவல்) தீப்பிடிக்கும். சூடு தாங்கும் நிக்கல் உலோகக் கலவையான இன்கோனல் 718க்கும் இந்த டார்ச் ஆகாது. 650 டிகிரி வரை அது வலு குறையாமல் நிற்கும். அதற்கு லேசரோ பிளாஸ்மாவோ வைத்திருப்பவர்களிடம் போவதுதான் சரி.