ஹென்றி ரீடின் பிடில்: காசில்லாமல் கிடைக்கும் 184 பதிவுகள்

வயலின் கற்றுக்கொடுக்கிறவர்கள், வீட்டில் பழைய கேசட்டும் ஸ்பூலும் வைத்துக்கொண்டு அவற்றை என்ன செய்வதென்று யோசிக்கிறவர்கள், இந்த இரண்டு தரப்புக்கும் ஒரு இணையத் தொகுப்பைச் சிபாரிசு செய்கிறேன். அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வைத்திருக்கும் ஹென்றி ரீட் தொகுப்பு; ரீட் என்ற நாட்டுப்புறப் பிடில்காரரின் ஒலிப்பதிவுகள். 'ஃபிடில் ட்யூன்ஸ் ஆஃப் தி ஓல்ட் ஃப்ரான்டியர்' என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். கட்டணம் கிடையாது, உறுப்பினராகச் சேரச் சொல்லும் தொல்லை கிடையாது. கேட்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

நான் கும்பகோணத்தில் வயலின் வகுப்பு எடுக்கிறவன். அமெரிக்க நாட்டுப்புற இசை எனக்குத் தொழில் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. ஆனால் ஒரு பழைய ஒலிப்பதிவை எப்படிப் பாதுகாத்து, எப்படி நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு நான் பார்த்தவரை இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஹென்றி ரீட் 1884-இல் மேற்கு வர்ஜீனியாவின் மன்றோ கவுன்டியில் பிறந்தவர். பின்னாளில் எல்லைக்கு இந்தப் பக்கம், வர்ஜீனியா மாநிலத்தில் கிளென் லின் என்ற சின்ன ஊரில் குடியிருந்தார். நியூ ரிவர் ஆற்றங்கரை, சுற்றிலும் அப்பலேச்சியன் மலைகள். மேடைக் கலைஞர் இல்லை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் வாசித்தவர். 1966-இல் ஆலன் ஜாபர் என்ற ஆராய்ச்சி மாணவர் டேப் ரெக்கார்டரோடு அவர் வீட்டுக்குப் போகிறார். பெரியவருக்கு அப்போது 82 வயது, மாணவர் இருபதுகளில் இருந்தார். 1966, 67 இரண்டு வருடங்களிலும் பதிவு நடக்கிறது. 1968-இல் ரீட் இறந்துவிடுகிறார். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தால் இந்தத் தொகுப்பே இல்லை.

ஜாபர் படித்தது டியூக் பல்கலைக்கழகத்தில், பழைய ஆங்கிலக் கவிதை. ஆனால் சிறுவயதிலிருந்தே முறையாக வயலின் கற்றவர். தொகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். மைக்கை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தவர் இல்லை அவர். ஒவ்வொரு பாட்டையும் தன் வயலினில் எடுத்துப் பழகியவர். அதனால் பின்னால் எழுதிய குறிப்புகளில் வாத்தியம் தெரிந்தவனுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. எந்தச் சுருதி, எத்தனை பகுதி, எந்தப் பகுதியை முதலில் வாசித்தார், எதைத் திருப்பினார், கீழே எதுவரை போய் மேலே எதுவரை வந்தார், எல்லாம் வரிசையாக. அப்புறம் அந்த மெட்டின் பூர்வீகம். உதாரணமாக 'ஜார்ஜ் புக்கர்' என்ற மெட்டு, ஸ்காட்லாந்தில் 'மார்க்விஸ் ஆஃப் ஹன்ட்லிஸ் ஃபேர்வெல்' என்ற பெயரில் இருந்த ஸ்ட்ராத்ஸ்பே ஆட்ட மெட்டின் வழியில் வந்தது என்று தெரிந்துகொள்கிறோம். சில பாட்டுகளுக்கு மேற்கத்திய ஸ்வரக் குறியீடும் எழுதி வைத்திருக்கிறார்.

நம் ஊரில் ஒரு பழைய கச்சேரியை இணையத்தில் ஏற்றுகிறவர் என்ன எழுதுகிறார்? 'அபூர்வ பொக்கிஷம், அனைவரும் கேட்டு மகிழவும்.' பக்கவாத்தியம் யார், எந்த ஊர், எந்த வருடம், டேப் யாரிடமிருந்து வந்தது, ஒன்றும் இருக்காது. கீழே பத்துப் பேர் 'மிருதங்கம் யாரு?' என்று கேட்டிருப்பார்கள். பதில் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை, ஏற்றியாவது விட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பீரோ நிறையப் பழைய வயலின் கேசட்டுகள். கேட்டால் 'அதெல்லாம் வெளியே கொடுக்கிறதில்ல' என்பார். டேப்பில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, தொகுப்புக்கு வருவோம். நம்மவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் சுருதி. மேற்கத்திய வயலினில் நான்கு கம்பிகளையும் G, D, A, E என்று அடுத்தடுத்துப் பஞ்சமம் தள்ளிச் சேர்ப்பார்கள். ஆனால் அப்பலேச்சியன் பிடில்காரர்கள் சில பாட்டுகளுக்குக் கீழ்க் கம்பிகள் இரண்டையும் ஏற்றி A, E, A, E என்று வைத்துக்கொள்வார்கள். ரீடும் அப்படிச் செய்கிறார். அது வேறொன்றுமில்லை, ஆறு கட்டையில், அதாவது A-ஐ ஷட்ஜமாக வைத்தால், நம்முடைய ச-ப-ச-ப! வில் ஒரு கம்பியில் ஓடும்போது பக்கத்துக் கம்பியையும் லேசாக உரசிக்கொண்டே போகிறார்; கூடவே ஒரு தம்புரா ஒலிப்பது மாதிரி ஷட்ஜ பஞ்சமம் நின்று கேட்கிறது. தெரியாத ஊர், தெரியாத பாட்டு, ஆனால் சுருதி வீட்டுச் சுருதி.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது 'கிச்சன் கேர்ள்'. மேல் ஷட்ஜத்தில் ஒரு நீண்ட வில், அப்புறம் கைசிகி நிஷாதத்தில் அதே நீளத்துக்கு இன்னொன்று, அங்கிருந்து சரசரவென்று பஞ்சமம் வழியாகக் காந்தாரத்துக்கு இறங்குகிறது. முதல் பகுதி முழுக்க அந்தர காந்தாரம். ஸ்வரங்களை மட்டும் எழுதிப் பார்த்தால் ஹரிகாம்போதி. இரண்டாம் பகுதியில் கீழே வந்ததும் காந்தாரம் அரை ஸ்வரம் இறங்கி 'சாதாரண காந்தாரம்' ஆகிவிடுகிறது, கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள். அதே ஷட்ஜம், அதே நிஷாதம், ஒரு காந்தாரம் மட்டும் இடம் மாறி, பாட்டின் முகமே வேறாகிறது. ராகம் என்று சொல்ல மாட்டேன். நம் ராகத்துக்குரிய பிடிப்போ நடையோ அதில் இல்லை. ஸ்வர ஞானப் பயிற்சிக்குப் பிரமாதம். வகுப்பில் போட்டுக் காட்டி, காந்தாரம் எங்கே மாறுகிறது, கை தூக்கு என்றேன். சின்னப் பசங்கள்கூடப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தன் மட்டும், "சார், இவரு கமகமே போடலையே?" என்று கேட்டான். அங்கங்கே ஜாரு போட்டு, வழுக்கிக்கொண்டே ஸ்வரத்துக்கு ஏறுகிறார், அதைக் கவனி என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இன்னொரு விஷயம், நமக்கு நேர் எதிர். நாம் பல்லவியை மத்திய ஸ்தாயியில் ஆரம்பித்து அனுபல்லவியில்தான் தார ஷட்ஜத்தைப் பிடிக்கப் போவோம். ரீட் வாசிக்கும் பல மெட்டுகள் மேல் பகுதியில் தொடங்கி அப்புறம் கீழே வருகின்றன. ஜாபர் இதைக் கவனித்து, அந்த மலைப்பிரதேசப் பிடில் இசைக்கே உரிய ஒரு குணமாக இதைப் பார்க்கிறார்.

வில்லைப் பற்றியும் அவர் நிறைய எழுதியிருக்கிறார். எட்டு ஸ்வரம் ஓடும் இடத்தில், ஒரு வில்லில் மூன்று, மறு வில்லில் மூன்று, அப்புறம் இரண்டு என்று பிரித்துப் போடும் பழக்கம். தகிட தகிட தக. தாளத்துக்கு இடறல் கொடுத்துக்கொண்டே ஓடும். வெள்ளைக்காரர்களின் பழைய ஆட்ட மெட்டுகளுக்கு இந்த நடை வந்தது அங்கே இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பிடில்காரர்களின் தாக்கத்தால் என்பது ஜாபரின் கருத்து. எனக்கு அது சரியாகவே படுகிறது. மிருதங்கக்காரர் யாராவது கூட உட்கார்ந்தால் உடனே தட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஒலித்தரம் எப்படி என்று கேட்பீர்கள். டேப்பின் இரைச்சல் இருக்கிறது. பேச்சுக் குரல் வருகிறது. எனக்கு இது குறையே இல்லை. காரணம் சொல்கிறேன். என் குருநாதர் வீட்டில் வாசித்ததை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தேன். டிஜிட்டலாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். 'இரைச்சலை எல்லாம் எடுத்துட்டோம் சார், கண்ணாடி மாதிரி இருக்கு' என்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டால், இரைச்சலோடு சேர்த்து வில் கம்பியில் உராயும் சத்தமும் போய்விட்டது. வில் திரும்பும்போது ஒரு சின்னக் கடி விழுமே, அது இல்லை. வயலினா கீபோர்டா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு வழுவழுப்பு. டேப்பின் இரைச்சலும் வில்லின் உராய்வும் ஏறக்குறைய ஒரே உயர் அதிர்வெண் பகுதியில்தான் கிடக்கின்றன. ஒன்றை வழித்தால் மற்றதும் வரும். ஹென்றி ரீட் பதிவுகளில் அந்தக் கடி அப்படியே இருக்கிறது. டிஜிட்டலாக்கக் கொடுக்கிறவர்கள், 'எதையும் சுத்தம் பண்ணாதீங்க, அப்படியே வேவ் ஃபைலா குடுங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்வதைப் பிரதி எடுத்து அதில் செய்துகொள்ளலாம். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தொகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கிலிக் கண்ணி குவின்ஸ் டில்லியன் என்ற மனிதர். ரீட் சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்ட கிழவர். 1846-இல் தொடங்கிய மெக்சிகோ போரிலும் பின்னால் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் படையோடு ஃபைஃப் என்ற சின்னக் குழலை ஊதிப் போனவர். அவர் பெயரிலேயே ஒரு மெட்டு தொகுப்பில் இருக்கிறது. அவரிடமிருந்து ரீட், ரீடிடமிருந்து ஜாபரின் டேப், டேப்பிலிருந்து என் மேசை. நூறு வருடத்துக்கு மேல் பழைய சங்கதி, நடுவில் இரண்டே கைகள். நம் ஊர்க் குருபரம்பரை என்று நாம் சொல்லிக்கொள்வதும் இதைத்தானே.

போர்ப்படைக் குழல் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அங்கே வெள்ளைக்காரப் பாண்டு வாசித்த மெட்டுகளுக்குத்தான் முத்துஸ்வாமி தீக்ஷிதர் நோட்டுஸ்வர சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப் பாட்டு, 'வந்தே மீனாக்ஷி' 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டு. தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி அந்த வழியில்தான் பிடிலைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார் என்பது நம் சம்பிரதாயம் சொல்லும் கதை. அதே பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து புறப்பட்ட பிடில் ஒரு பக்கம் அப்பலேச்சியாவுக்கும் ஒரு பக்கம் மதராஸுக்கும் கப்பலேறியிருக்கிறது.

பதிவு செய்ததோடு ஜாபர் நிற்கவில்லை. நண்பர்களோடு ஹாலோ ராக் ஸ்ட்ரிங் பேண்ட் என்று ஒரு குழு வைத்து ரீடின் பாட்டுகளை வாசித்தார், இசைத்தட்டும் போட்டார்கள். 'ஓவர் தி வாட்டர்ஃபால்' மாதிரி மெட்டுகள் அமெரிக்கா முழுக்கப் பரவியது அப்படித்தான். 1969-இல் அவர் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் நாட்டுப்பாடல் காப்பகத்துக்குத் தலைவராகப் போனார், 1976-இல் அங்கே தொடங்கிய நாட்டார் வாழ்வியல் மையத்துக்கு முதல் இயக்குநர். இணையம் வருவதற்கு வெகு முன்பே ரீடின் பாட்டு ஊரெல்லாம் கையில் இருந்தது. காப்பகத்தில் பூட்டி, பட்டியலில் ஒரு எண் கொடுத்து வைத்திருந்தால் இன்று யார் வாசித்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

குறை என்று பார்த்தால், எல்லாமே ஆங்கிலம், அதுவும் இசைக் கலைச்சொல் நிறைந்த ஆங்கிலம். ரீடின் மலைநாட்டுப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிகிறது. ஒரே மெட்டு இரண்டு மூன்று தடவை வரும். ஒவ்வொன்றும் வேறு நாளில் வாசித்தது. எனக்கு அது வரப்பிரசாதம், மற்றவர்களுக்கு அலுக்கலாம். தாளத்துக்குத் துணையாக எதுவும் இல்லாமல் பிடில் தனியாக ஓடும் பதிவுகள் நிறைய. கச்சேரி ரசிகர்களாக மட்டும் இருப்பவர்கள் இரண்டு பாட்டுக்கு மேல் தாங்க மாட்டார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன்.

184-ஐயும் வரிசையாகக் கேட்கப் போகாதீர்கள். 'கிச்சன் கேர்ள்', 'ஓவர் தி வாட்டர்ஃபால்', 'ஜார்ஜ் புக்கர்', 'டக்ஸ் ஆன் தி பாண்ட்', இந்த நாலும் போதும் முதலில். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் மந்திர ஸ்தாயி கேட்காது. வாசித்துப் பார்க்கிற எண்ணம் இருந்தால் ஃபைலை இறக்கி ஆடாசிட்டி மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறையுங்கள், அது இலவசம்தான். குறிப்புகளைப் பாட்டைக் கேட்ட பிறகு படியுங்கள்.