கோர்ஸா, கிளினிக்கா: நாய் பூனை எக்ஸ்ரே கற்க எது முதலில்?

பி.வி.எஸ்சி. முடித்து நாய், பூனை வைத்தியத்துக்கு வரும் ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. எக்ஸ்ரே படிக்கப் பழக வெளிநாட்டு ஆன்லைன் கோர்ஸில் சேரலாமா, எக்ஸ்ரே வைத்திருக்கும் கிளினிக்கில் போய் நிற்கலாமா? நான் இரண்டும் செய்திருக்கிறேன். கோர்ஸும் முடித்தேன், பெரம்பூர் கிளினிக் ஒன்றில் சீனியர் ஒருவரிடம் நின்றும் கற்றேன். முதலில் கிளினிக், பிறகுதான் கோர்ஸ் என்பேன்.

கோர்ஸின் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராத்திரி வீட்டிலேயே படிக்கலாம், அரிய கேஸ்களும் கண்ணில் படும். காற்று, கொழுப்பு, மென்திசு அல்லது திரவம், எலும்பு, உலோகம் என்று ஐந்து அடர்த்திகளைப் பிரித்துப் பார்க்கும் ஒழுங்கு வரும். கட்டணம் பெரும்பாலும் டாலரில், அது கொஞ்சம் கடிக்கும்.

ஆனால் கோர்ஸில் காட்டும் படங்கள் யாரோ பொறுமையாகப் படுக்கவைத்து எடுத்தவை. நம் மேஜைக்கு வரும் நாய் திமிறும், மூச்சு இளைக்கும். பொசிஷன் கோணலானால் இல்லாத நோய் தெரியும், இருக்கிற நோய் மறையும். என் முடிவுக்குக் காரணமே இதுதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பொமரேனியன் வந்தது, விடாத இருமல். வெளியே எடுத்த படத்தை நீட்டி அந்த அம்மா கேட்டார்: “இன்னா டாக்டர், ஹார்ட்டு பெருசா கீதுன்றாங்களே?” சீனியர் இதயத்தைப் பார்க்கும் முன் விலா எலும்புகளைக் காட்டினார். இடது, வலது விலாக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விலகி நின்றன. உடம்பு திரும்பியிருக்கிறது. உதரவிதானம் இதயத்தோடு ஒட்டிக் கிடந்தது. மூச்சை விட்ட நேரத்தில் எடுத்த படம். இரண்டும் சேர்ந்தால் நல்ல இதயமும் பெரிதாகத்தான் தெரியும்.

மறுபடி எடுத்தோம். நெஞ்செலும்பும் முதுகெலும்பும் ஒரே மட்டத்துக்கு வர அடியில் ஸ்பாஞ்ச் ஆப்பு, முன்னங்கால்கள் நன்றாக முன்னே, மூச்சை முழுக்க இழுத்த நொடியில் ஷாட். இதயத்தின் நீளம், அகலம் இரண்டையும் நான்காம் மார்பு முள்ளெலும்பிலிருந்து வைத்து, எத்தனை முள்ளெலும்பு நீளம் என்று எண்ணிக் கூட்டினால் பத்தரையைத் தாண்டவில்லை. நாய்களுக்கு 8.5 முதல் 10.6 வரை இயல்பு என்பது 1995-ல் புக்கானனும் உடன் ஆய்வாளரும் வகுத்த கணக்கு. இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். கழுத்தில் மூச்சுக்குழாய்தான் தட்டையாகக் கிடந்தது. கழுத்துப் பகுதி மூச்சை இழுக்கும்போது சுருங்கும், நெஞ்சுக்குள் இருக்கும் பகுதி விடும்போது சுருங்கும். பழைய படத்தில் அது எப்படிப் பிடிபடும்? இந்த விதியை கோர்ஸும் சொல்லித்தரும். இளைக்கும் நாயின் விலாவைப் பார்த்துக்கொண்டே பட்டனை அமுக்கும் நேரம் மேஜையருகே நின்றால்தான் கைக்கு வரும்.

வயிற்றிலும் இதே கதை. காசிமேட்டு நாய் விழுங்கிய மீன் தூண்டில் முள் உலோகம், யார் கண்ணுக்கும் தெரியும். மாம்பழ சீசனில் வரும் மாங்கொட்டை அப்படியில்லை. வலப்பக்கம் படுக்கவைத்தால் இரைப்பை குடலோடு சேரும் பகுதியில் திரவம் தேங்கி கொட்டையை மூடிவிடும். இடப்பக்கம் திருப்பிப் போட்டால் காற்று அங்கே ஏறி அதன் விளிம்பைக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு ஷாட் எடுக்கத் தோன்றுவதே பாதி வைத்தியம்.

பூனைகளை நான் நாய் அளவுக்குப் பார்த்ததில்லை. முயல், கிளி என்றால் இன்னும் குறைவு. அவற்றுக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கோர்ஸ்தான் கைகொடுக்கலாம். நுரையீரல் நிழல்களைப் பிரித்துப் படிப்பதிலும் கோர்ஸ் எனக்கு நிறையவே உதவியது.

எந்தக் கிளினிக் என்பதைப் பார்த்துச் சேருங்கள். மெஷின் எவ்வளவு புதிது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ஈய ஏப்ரன், கழுத்தைக் காக்கும் தைராய்டு காலர், உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தருகிறார்களா, நாயைக் கையால் அமுக்கிப் பிடிப்பதற்குப் பதில் மயக்க ஊசியும் மணல் பையும் பயன்படுத்துகிறார்களா என்று முதலில் கேளுங்கள். கதிர்வீச்சில் வேலை செய்பவருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு ஐந்தாண்டு சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. தூரத்தை இரட்டிப்பாக்கினால் அளவு கால்வாசியாகும் என்பதால் இரண்டடி பின்னால் நிற்பதே பெரிய காப்பு. “ஒரு ஷாட்டுதானே, சும்மா பிடிம்மா” என்று சொல்லும் இடம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் வேண்டாம். வேறு கிளினிக் கிடைக்கும்வரை கோர்ஸைத் தொடங்கிவிடுங்கள்.